வகுப்பும் வரிசையும்: பட்டச் சிறப்பின் சரித்திரம்

‘வகுப்பு’ என்பது நம்மவர் வாயிற் பல பொருள் தரும் சொல். பிள்ளைகள் கூடியிருந்து படிக்கும் இடமும் வகுப்பு. புகைவண்டியிலே காசுக்கேற்ப மனிதரைப் பிரித்து இருத்துவதும் வகுப்பு. பல்கலைக் கழகப் பட்டமளிப்பு விழாவிலே ‘முதல் வகுப்புச் சிறப்பு’ என்றும், ‘இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு’ என்றும் பெயர்கள் படிக்கப்படும் பொழுதும் அதே சொல்லையே கேட்கிறோம். மண்டபத்தில் இருக்கும் பெற்றோருக்கு அது பல்லாண்டு உழைப்பின் பலன். பட்டம் பெறுபவருக்கு அது வாழ்நாள் முழுவதும் பெயரோடு ஒட்டிவரும் முத்திரை. அந்த முத்திரையை முதன்முதல் வார்த்தவர் யார், எதற்காக வார்த்தனர், எவருடைய நெற்றியில் அதனைப் பதிக்க மறுத்தனர் என்னும் கேள்விகளை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அறிவின் இயல்பிலிருந்தே இவ்வரிசை பிறந்தது போலவும், என்றும் இருந்தது போலவும் எண்ணிக்கொள்கிறோம்.

வரிசைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தைத் தெளிவாகக் காண்பதற்கு மிக ஏற்ற இடம் இங்கிலாந்திலுள்ள கேம்பிறிட்ஜ்ப் பல்கலைக் கழகம். அங்கு நடைபெற்ற கணிதச் சிறப்புப் பரீட்சைக்கு ‘ட்றைப்பொஸ்’ என்பது பெயர். பழங்காலத்தில் பட்டமளிப்பின்போது மூன்று கால் முக்காலியொன்றில் ஒரு பட்டதாரி அமர்ந்து மாணவரோடு வாதிடுவது வழக்கம். அந்த முக்காலியின் பெயரே நாளடைவில் பரீட்சைக்கு ஆகிவந்தது. முதல் வகுப்பிலே தேறியவரை ‘றாங்ளர்’ என்றனர். வாதிட்டுச் சண்டையிடுபவர் என்பதே அதன் பொருள். ஏட்டுப் பரீட்சை வருமுன், இலத்தீன் மொழியில் நடந்த சொற்போரினாலேயே மாணவரின் தகுதி மதிக்கப்பட்டது என்பதற்கு இப்பெயர்கள் சான்றாய் நிற்கின்றன.

கேம்பிறிட்ஜிலே தேறியவர்களின் பெயர்ப் பட்டியல் 1748ஆம் ஆண்டிலிருந்து ஒழுங்காக வெளியிடப்பட்டது. 1753இல் அது மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வகுப்பினுள்ளும் முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று வரிசை நுணுக்கமாக அமைந்தது. முதல் வகுப்பின் முதல்வர் ‘முதல் றாங்ளர்’ எனப் போற்றப்பட்டார். மூன்றாம் வகுப்பின் கடைசியில் நின்றவருக்கு, பட்டமளிப்பு மண்டபத்தின் மாடத்திலிருந்து மரக்கரண்டி ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி மாணவர்கள் கேலி செய்தனர். சிறப்புப் பரீட்சைக்குத் தோற்றாது சாதாரணப் பட்டம் பெற்றோர் ‘பலர்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லொன்றின் சிதைவினாற் சுட்டப்பட்டனர். 1831இல் அந்தப் ‘பலர்’ பட்டியலில் தேறிய ஒருவரின் பெயர் சாள்ஸ் டார்வின்.

இவ்வரிசையை இன்று குறை கூறுவது எளிது. ஆயினும் அது தோன்றிய காலத்தில் எதை எதிர்த்து நின்றது என்பதை மறந்து தீர்ப்புக் கூறுதல் சரித்திர நோக்காகாது. பதினெட்டாம் நூற்றாண்டின் கேம்பிறிட்ஜிலே பிரபுக்களின் மைந்தர் பரீட்சை எதுவுமின்றி, இரண்டாண்டு தங்கியிருந்த அளவிலேயே முதுமாணிப் பட்டம் பெறலாம். அரசர் கல்லூரி மாணவர்கள் பல்கலைக் கழகப் பரீட்சைக்குத் தோற்றாமலே பட்டம் பெறும் உரிமை கொண்டிருந்தனர். அவ்வுரிமை 1851ஆம் ஆண்டு வரை நீடித்தது. பல்கலைக் கழக அதிகாரிகள் தாம் விரும்பிய சிலரின் பெயர்களை மரியாதைக்காகப் பட்டியலின் மேற்பகுதியிற் செருகும் வழக்கமும் முன்னாளில் இருந்தது. பிறப்பும் செல்வாக்கும் அறிவின் ஆசனத்திலே கூச்சமின்றி அமர்ந்திருந்த காலம் அது.

அத்தகைய இடத்திலே, கேள்வித்தாளை முன்வைத்து, எழுதிய விடையை மதிப்பிட்டு, பெயர்களை வரிசைப்படுத்தியது ஒரு புரட்சிகரமான செயலே. அதன் பயனை ஏழை மாணவர் சிலர் பெற்றனர். கேம்பிறிட்ஜிலே ‘சைசர்’ எனப்படும் ஒரு பிரிவினர் இருந்தனர். வசதியற்ற குடும்பங்களிலிருந்து குறைந்த கட்டணத்தில் வந்தவர் அவர். முற்காலத்தில் செல்வ மாணவருக்குப் பணிவிடை செய்தே அவர்கள் தம் படிப்பைத் தொடர்ந்தனர். 1661இல் கல்லூரி புகுந்த ஐசாக் நியூற்றனும் அவ்வகையினரே. அப்பிரிவிலிருந்து வந்த ஜோர்ஜ் எயறி 1823இல் முதல் றாங்ளராகத் தேறினார். பின்னர் அரச வானியலாளராகவும் விளங்கினார். பிரபுவின் மகன் பெயருக்கு மேலே பணிவிடைக்காரப் பிரிவினன் பெயர் நிற்க முடிந்தது. தேர்ச்சி வரிசையின்றி வேறெதுவும் அக்காலத்தில் அதனைச் சாதித்திருக்க மாட்டாது.

ஒக்ஸ்போட்டிலும் இதே போக்கைக் காணலாம். அங்கு 1800இல் இயற்றப்பட்ட பரீட்சை விதி சிறப்புத் தேர்ச்சிக்கு வழி திறந்தது. 1807இல் இலக்கியமும் கணிதமும் தனித்தனிப் பரீட்சைகளாயின. 1808இல் இரண்டிலும் முதல் வகுப்புப் பெற்று ‘இரட்டை முதல்’ என்னும் புகழை ஈட்டியவர் றொபேட் பீல். பருத்தி ஆலைகளினால் செல்வந்தரான குடும்பத்தின் பிள்ளை அவர். பின்னாளில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியானவர். நிலப்பிரபுக்களின் பரம்பரைக்கு எதிராகக் கைத்தொழில் வளர்த்த புதிய வர்க்கம் தன் பிள்ளைகளுக்குத் தேடிய கேடயங்களில் பரீட்சையும் ஒன்று என்பதை இவ்வொரு பெயரே உணர்த்தும். குலத்தின் மதிப்பு ஆட்டங்காணத் தொடங்கிய சமுதாயத்திலேதான் புள்ளியின் மதிப்பு உயரலாயிற்று.

ஆனால், கோட்டையை உடைத்து உள்ளே புகுந்தவர் அதன் வாயிலைத் திறந்து வைப்பர் என்று சரித்திரம் எங்கும் உறுதி கூறவில்லை. பரீட்சை எல்லோர்க்கும் ஒன்று என்று சொல்லப்பட்டது. அந்த ‘எல்லோர்’ யார் என்பதை நிச்சயித்தவை பரீட்சைக்கு வெளியே இருந்த விதிகள். 1837ஆம் ஆண்டின் ட்றைப்பொஸ் பட்டியலை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டாம் இடத்திலும் நான்காம் இடத்திலும் நிற்கும் பெயர்கள் இவ்வுண்மையை இருவேறு முகமாகக் காட்டுகின்றன.

இரண்டாமவர் ஜேம்ஸ் யோசேப்பு சில்வெஸ்ரர். அவர் ஒரு யூதர். கேம்பிறிட்ஜின் விதிப்படி எம்மதத்தவரும் அங்கு கற்கலாம், பரீட்சை எழுதலாம். பட்டம் பெற வேண்டுமாயின் இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது கொள்கை விதிகளை ஏற்றுக் கையொப்பமிடுதல் வேண்டும். தம் சமயத்துக்கு மாறாகச் சில்வெஸ்ரர் கையொப்பமிடவில்லை. ஆகவே பல்கலைக் கழகத்திலேயே இரண்டாவது சிறந்த கணித மாணவன் என்று ஊரறியப் படிக்கப்பட்டவர் பட்டதாரி ஆகவில்லை. கல்லூரி ஆய்வாளர் பதவியும் அவருக்கு மூடிக்கிடந்தது. 1841இல் அயர்லாந்தின் டப்ளின் நகரத்துத் திரினிற்றிக் கல்லூரியே அவருக்குப் பட்டம் வழங்கியது. கேம்பிறிட்ஜ் தன் பட்டத்தை அவருக்கு 1872இலேதான் அளித்தது. கணிதத்திலே ‘மேற்றிக்ஸ்’ என்று மாணவர் இன்று படிக்கும் தாய அணிக்கு அப்பெயரை இட்டவர் அவரே.

நான்காமவர் ஜோர்ஜ் கிறீன். நொட்டிங்காம் நகரத்து வெதுப்பகக்காரர் ஒருவரின் மகன். பள்ளியிலே கற்றது ஏறக்குறைய ஓராண்டு. தந்தை கட்டிய காற்றாலையிலே மாவரைத்துக்கொண்டு தாமாகவே உயர் கணிதத்தைக் கற்றவர். மின்னியல், காந்தவியல் ஆகியவற்றிலே கணிதத்தைப் பிரயோகித்து அவர் எழுதிய ஆய்வுரை 1828இல், முன்பணம் கொடுத்த உள்ளூரவர் சிலரின் உதவியோடு அச்சேறியது. அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர்களின் கையில் அது அன்று சேரவில்லை. நாற்பது வயதிலே, 1833இல், கிறீன் கேம்பிறிட்ஜ் மாணவரானார். பட்டியலில் நான்காம் இடம் அவருக்குக் கிடைத்தது. 1841இல் இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய தேற்றமும் சார்பும் இன்று பௌதிகம் கற்போர் யாவரும் அறிந்தவை. அவற்றுக்கு அடிப்படையான சிந்தனை பரீட்சைக்கு ஒன்பது ஆண்டுகளின் முன்னரே ஓர் ஆலைக்காரனின் ஏட்டில் எழுதப்பட்டுவிட்டது என்பதை அந்தப் பட்டியல் அறியவில்லை. அறிவதற்கு அதனிடம் வழியும் இல்லை.

இதன் தொடர்ச்சி மேலும் சிந்திக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ட்றைப்பொஸ் வரிசையில் உயர்ந்த இடம் பெறுவதற்குக் கல்லூரி விரிவுரைகள் போதவில்லை. தனிக் கட்டணம் பெற்றுப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் போதனாசிரியர்கள் பெருகினர். அவர்களுள் பேர்பெற்றவர் வில்லியம் ஹொப்கின்ஸ். ‘முதல் றாங்ளர்களை உருவாக்குபவர்’ என்றே அவரை அழைத்தனர். அவருக்குப் பின் வந்த எட்வேட் றூத்திடம் கற்றவர்களுள் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் முதல் றாங்ளர்களாயினர். நம் நாட்டு நகரங்களிலே டியூட்டரிகளின் விளம்பரப் பலகைகளைக் காண்பவர்க்கு இதில் வியப்பேதும் இராது. வரிசைக்கு விலை ஏறிய இடமெல்லாம் வரிசையை விற்பனைப் பொருளாக்கும் தொழிலும் வளரும். கட்டணம் கொடுக்க வல்லவன் ஒருபடி முன்னே நிற்பான். எல்லோர்க்கும் ஒரே கேள்வித்தாள் என்ற நீதி, அத்தாளை அடையும் பாதையிலே செல்வத்துக்கு இடங்கொடுத்துவிட்டது.

பின்னாளிலே கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தொம்சன் 1845இல் இரண்டாம் றாங்ளராகத் தேறினார். அவரும் ஹொப்கின்ஸின் மாணவரே. பரீட்சை முடிந்த பின்னரே கிறீனின் ஆய்வுரைப் பிரதிகள் அவருக்குக் கிட்டின. கொடுத்தவர் வேறெவருமல்லர், அவரைப் பரீட்சைக்குப் பழக்கிய ஹொப்கின்ஸே. அந்நூற்றாண்டின் மிகச் சிறந்த கணிதச் சிந்தனைகளுள் ஒன்று ஆசிரியரின் புத்தக அடுக்கிலே கிடக்க, மாணவர்கள் அருகிலேயே அமர்ந்து பரீட்சை வினாக்களுக்கு விரைவாக விடையெழுதப் பயின்றிருக்கின்றனர். தொம்சனே அந்த ஆய்வுரையைப் பாரிசுக்குக் கொண்டுசென்று அறிஞருக்குக் காட்டி, மீண்டும் அச்சேறச் செய்தார். அவரும் சரி, 1854இல் அதே இரண்டாம் இடத்தைப் பெற்ற மக்ஸ்வெல்லும் சரி, விஞ்ஞான உலகையே மாற்றியமைத்தவர்கள். அவர்களை முந்திய முதல்வர்களின் பெயர்களைத் தேடித்தான் அறிய வேண்டியுள்ளது. மக்ஸ்வெல்லை முந்தியவர் முன்னர் கூறிய போதனாசிரியர் றூத் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

சமயத் தடை தானாக அகலவில்லை. ஒக்ஸ்போட்டில் 1854இலும் கேம்பிறிட்ஜில் 1856இலும் பாராளுமன்றச் சட்டங்கள் இளமாணிப் பட்டத்துக்கான சமயச் சோதனையை நீக்கின. ஆய்வாளர் பதவிகளுக்கான சோதனை தொடர்ந்தது. 1869இல் நூமா ஹாட்டொக் என்னும் யூத இளைஞர் முதல் றாங்ளரானார். பல்கலைக் கழகத்தின் தலைமாணவன் தன் கல்லூரியின் ஆய்வாளனாக முடியாது என்ற இழிநிலை நாடறிய வெளிப்பட்டது. ஹாட்டொக் பிரபுக்கள் சபையின் குழுமுன் சாட்சியம் அளித்தார். 1871இல் சமயச் சோதனைகள் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டன. அதே ஆண்டிலே, இருபத்தைந்து வயதிலே, அம்மை நோயினால் அவர் காலமானார்.

அடுத்து எழுந்தது பெண்களின் கேள்வி. 1880இல் கேர்ட்டன் கல்லூரி மாணவி சார்லொற் ஸ்கொற் தனி அனுமதியின் பேரிலே ட்றைப்பொஸ் பரீட்சை எழுதினார். அவர் பெற்ற புள்ளிகள் எட்டாம் றாங்ளருக்குச் சமமானவை. பட்டியலிலே அவர் பெயர் இல்லை. விழாவுக்கு வரவும் அவருக்கு அனுமதியில்லை. எட்டாம் பெயர் படிக்கப்பட்ட வேளையில் மண்டபத்திலிருந்த மாணவர்கள் “கேர்ட்டன் ஸ்கொற்!” என்று முழங்கி, உரிய பெயரைத் தாமே அறிவித்தனர். ஆயிரக்கணக்கானோர் ஒப்பமிட்ட விண்ணப்பமொன்று எழுந்தது. 1881இல் பெண்கள் சிறப்புப் பரீட்சைகளுக்குத் தோற்றும் உரிமை பெற்றனர். எனினும் அவர்களின் பட்டியல் வேறாகவே வெளியிடப்பட்டது. பட்டம் மட்டும் இல்லை. பெண்களுக்கு 1878 முதல் பட்டங்களைத் திறந்துவிட்டிருந்த இலண்டன் பல்கலைக் கழகத்திடமே ஸ்கொற் தம் பட்டங்களைப் பெற்றார்.

1890இல் நியூனம் கல்லூரியின் பிலிப்பா போசெற் கணிதப் பரீட்சை எழுதினார். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய மிலிசென்ற் போசெற்றின் மகள் அவர். முதலில் ஆண்களின் பட்டியல் படிக்கப்பட்டது. முதல் றாங்ளருக்கு ஆரவாரம் எழுந்தது. பின்னர் பெண்களின் பட்டியல் வந்தது. போசெற்றின் பெயருக்கு நேரே அவருடைய இடம் ‘முதல் றாங்ளருக்கு மேல்’ என்று வாசிக்கப்பட்டது. அடுத்தவரை அவர் நூற்றுக்குப் பதின்மூன்று வீதம் விஞ்சியிருந்தார். முதலாமவருக்கும் மேலே ஓர் இடம் இருக்க முடியுமா? கணித நியாயப்படி முடியாது. முதலிடத்தைப் பெற்றவருக்கு முதலிடத்தின் பெயரைக் கொடுக்க மறுத்தபடியாற் பல்கலைக் கழகம் கணக்கிலே இல்லாத ஓர் இடத்தைக் கற்பிக்க நேர்ந்தது. பெண்களின் மூளை உயர் கணிதத்தைத் தாங்காது என்று எழுதிவந்தவர்களுக்கு அவர்களின் சொந்தத் தராசே விடை கூறியது.

தராசு கூறிய விடையை அத்தராசின் சொந்தக்காரர் ஏற்றனரா? 1897இல் பெண்களுக்குப் பட்டத்தின் பெயரையாவது அளிக்கலாமா என்ற பிரேரணை வாக்கெடுப்புக்கு வந்தது. பழைய பட்டதாரிகள் தனி இரயில்களில் வந்திறங்கி வாக்களித்தனர். பிரேரணையை 660 பேரளவில் ஆதரித்தனர். 1,700 பேருக்கு மேல் எதிர்த்தனர். சைக்கிளில் அமர்ந்த ஒரு பெண்ணின் கொடும்பாவியை வீதிக்கு மேலே தொங்கவிட்டு மாணவர் கூட்டம் கும்மாளமிட்டது. ஒக்ஸ்போட் 1920இல் பெண்களுக்குப் பட்டம் வழங்கியது. கேம்பிறிட்ஜோ 1921இல் பெயரளவான பட்டத்தை மட்டும் அளிக்க இசைந்தது. அன்றும் வெற்றிக் களிப்பிலே ஒரு கூட்டம் நியூனம் கல்லூரியின் வாயிற்கதவைச் சேதப்படுத்தியது. பெண்கள் கேம்பிறிட்ஜில் முழுப் பட்டம் பெற்றது 1948இல். பிலிப்பா போசெற் இறந்ததும் அந்த ஆண்டிலேயே. இடைப்பட்ட காலத்தில் இலண்டன் நகர சபையின் கல்விப் பகுதியிற் பல்லாண்டு பணியாற்றி, சாதாரண மக்களின் பிள்ளைகளுக்கு இடைநிலைப் பாடசாலைகளை வளர்த்தவர் அவர்.

இத்தகைய வரிசை இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை. ஏகாதிபத்தியத்தின் கப்பல்களிலே அதுவும் பயணஞ் செய்தது. இந்திய நிர்வாக சேவைக்குப் போட்டிப் பரீட்சை மூலம் ஆட்சேர்க்கும் திட்டத்தை 1854இல் வகுத்தவர்களில் முதன்மையானவர் மெக்காலே. கல்லூரியிற் பரீட்சையில் முந்துபவனே வாழ்விலும் முந்துவான் என்பது அவர் வாதம். ட்றைப்பொஸ் பட்டியல்களையே அதற்குச் சான்றாக அவர் காட்டியதுண்டு. அதே மெக்காலே 1822இல் கணிதப் பரீட்சையிலே சிறப்புத் தேர்ச்சி பெறத் தவறியவர் என்பது சரித்திரத்தின் குறும்பு. கூறிய கொள்கையை அவர் வாழ்வே மறுத்திருந்தது. ஆயினும் அக்கொள்கை கோடிக்கணக்கான மக்களை ஆளுவோரைத் தெரிந்தெடுக்கும் விதியாயிற்று. தகுதியே அளவுகோல் என்று முழங்கினர். பரீட்சை நடந்த இடம் இலண்டன். 1922 வரை இந்தியாவிலே அது நடைபெறவில்லை. கடல் கடக்கப் பணமில்லாத இந்தியனின் தகுதி எந்த அளவுகோலுக்கும் எட்டவில்லை.

கடல் கடந்தவர்கள் அளவுகோலை வென்றும் காட்டினர். இரத்தினகிரி மாவட்டத்துக் கிராமமொன்றிற் பிறந்த ரகுநாத் பராஞ்சபே 1899இல் முதல் றாங்ளர் இடத்தை ஆங்கில மாணவர் ஒருவரோடு பகிர்ந்துகொண்டார். மராத்தி மக்கள் ‘றாங்ளர்’ என்பதைப் பட்டப்பெயராகவே அவர் பெயருக்கு முன் வழங்கினர். ஆளப்படும் இனம் அறிவிற் குறைந்தது என்ற ஆணவத்துக்கு அது தக்க அடி. ஆனால் நம்மிடையே இன்னொரு மனோபாவமும் அதனால் வேரூன்றியது. அந்நியன் வரிசையிலே நமக்கொரு முதலிடம் கிடைத்தாற் போதும். வரிசை சரியானதே என்பது அம்மனோபாவம்.

அந்த வரிசை எதைத் தவறவிடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே சான்று வந்தது. கும்பகோணத்துக் கல்லூரியிலே கணிதத்தைத் தவிர ஏனைய பாடங்களில் நாட்டமின்றித் தவறி, உதவிப் பணத்தை இழந்தவர் சீனிவாச இராமானுஜன். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலிருந்து தோற்றிய பரீட்சையிலும் அவர் சித்தியடையவில்லை. பட்டமற்ற அந்த எழுதுவினைஞரின் கடிதத்தை 1913இற் படித்து, அதன் பெருமையை உணர்ந்தவர் கேம்பிறிட்ஜின் ஜி. எச். ஹாடி. ட்றைப்பொஸ் வரிசையை ஒழிக்க வேண்டுமென்று போராடியவர்களுள் முக்கியமானவர் அந்த ஹாடியே என்பது தற்செயலானதன்று. அவர் தாமே 1898இல் நான்காம் றாங்ளர். அவ்வரிசையிலே உயர்ந்த இடத்தைப் பெற்றபின் அது பயனற்றதென்று துணிந்து கூறியவர். புள்ளி வரிசைப்படி பெயர்களை வெளியிடும் வழக்கம் 1909ஆம் ஆண்டோடு முடிந்தது. கடைசி மரக்கரண்டியும் அவ்வாண்டிலே வழங்கப்பட்டது. வகுப்புகள் எஞ்சின, அவற்றுள் பெயர்கள் அகர வரிசையிலே நின்றன. 1914இல் கேம்பிறிட்ஜ் சென்ற இராமானுஜனுக்கு 1916இல் ஆராய்ச்சியின் அடிப்படையிலே பட்டம் வழங்கப்பட்டது.

நமது நாட்டுக்கும் இவ்வழக்கம் அதே வழியில் வந்தது. கேம்பிறிட்ஜிற் கற்று, 1875இல் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கை நிர்வாக சேவையிற் புகுந்த பொன்னம்பலம் அருணாசலம், 1906இலே இலங்கைப் பல்கலைக் கழகச் சங்கத்தை முன்னின்று தொடக்கினார். நாட்டுக்கு ஒரு பல்கலைக் கழகம் வேண்டும் என்றும், தாய்மொழிக் கல்வி உரிய இடம் பெற வேண்டும் என்றும் வாதாடினார். 1921இற் கிடைத்தது பல்கலைக் கழகக் கல்லூரி மட்டுமே. அது இலண்டனின் வெளிவாரிப் பட்டங்களுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தது. கொழும்பிலிருந்து எழுதிய விடைகளுக்கு இலண்டன் வகுப்புக் கூறியது. 1942இல் இலங்கைப் பல்கலைக் கழகம் நிறுவப்பட்டபோது பட்டம் வழங்கும் அதிகாரம் நமதாயிற்று. சிறப்புப் பட்டம், பொதுப் பட்டம், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்னும் அமைப்பு முன்போலவே நின்றது. 1945 முதல் இலவசக் கல்வியும், 1960 முதல் கலைப் பாடங்களில் தாய்மொழிப் போதனையும் கிராமத்துப் பிள்ளைகளைப் பல்கலைக் கழக மண்டபத்துக்குக் கொண்டுவந்தன. புதியவர்கள் வந்தனர், அவர்களை அளக்கும் கோல் பழையதே.

இன்று நம் பல்கலைக் கழகங்களில் விரிவுரையாளர் பதவிக்கு வாயில் திறப்பது பட்டத்தின் வகுப்பு. முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கும் தரும் மதிப்பு ஏனையவற்றுக்கு இல்லை. ஒரு பாடத்திலே தவறி மறுமுறை தோற்றும் மாணவன் எவ்வளவு திறம்பட எழுதினும், ஏற்கத்தக்க காரணம் காட்டாவிடின், சித்திக்குரிய குறைந்த மதிப்பே கணக்கிற் கொள்ளப்படுவது பல இடங்களிலும் உள்ள விதி. மாலையிலே வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் மாணவனும், விடுதியிலே கவலையின்றிப் படிக்கும் மாணவனும் ஒரே தாளுக்கு விடை எழுதுகின்றனர். முதலாமவன் சுமந்த பாரத்துக்கு அத்தாளிலே புள்ளி இல்லை. அதே போன்று, ஊரிலே வாசகசாலை அமைத்துப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்ன மாணவியின் உழைப்புக்கும் வகுப்பு இல்லை.

இவற்றையெல்லாம் கூறுவதனாற் பரீட்சையை ஒழித்துவிட வேண்டும் என்பது நமது முடிவா? அன்று. பரீட்சை இல்லாத இடத்தில் என்ன இருந்தது என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் கேம்பிறிட்ஜிலே கண்டோம். சிபாரிசுக் கடிதமும் குடும்பப் பெயரும் அரசியற் செல்வாக்கும் அந்த வெற்றிடத்தை நிரப்பும். ஏழைப் பிள்ளையின் கையிலுள்ள ஒரே ஆயுதத்தைப் பறித்து அவனை அவற்றின் முன் நிறுத்துவது முற்போக்காகாது. புள்ளியிடுபவர் பெயரையும் பிறப்பையும் பாராது விடையை மட்டும் பார்க்கும் முறை மனித குலம் போராடிப் பெற்ற உடைமைகளுள் ஒன்று. அதைப் பேணியே ஆகவேண்டும்.

பேணுவது வேறு, வழிபடுவது வேறு. இந்தச் சரித்திரத்திலே வரிசை தானாகத் திருந்திய சந்தர்ப்பம் ஒன்றுகூட இல்லை. சில்வெஸ்ரரின் புள்ளிகள் சமயச் சோதனையை நீக்கவில்லை; பாராளுமன்றம் வரை சென்ற கிளர்ச்சி நீக்கியது. போசெற்றின் ஒப்பற்ற தேர்ச்சிக்குப் பின்னும் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கேம்பிறிட்ஜ் பெண்களைக் காக்க வைத்தது. தனி ஒருவரின் வெற்றி அநீதியை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். அநீதியை அகற்றுவதற்குப் பலரின் கூட்டு முயற்சி வேண்டும். ஒடுக்கப்பட்ட குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளை முதல் வகுப்புப் பெற்றவுடன், “பார்த்தீர்களா, வாயில் திறந்தே இருக்கிறது” என்று கூறுவோர்க்கு நாம் கூறவேண்டிய மறுமொழி இதுவே.

ஆசிரியர்களாகிய நமக்கு இதிலே நேரடியான பொறுப்புண்டு. பெறுபேறுகள் வெளியாகும் நாளில் முன்வரிசை மாணவரின் படங்களைப் பாடசாலை வாயிலிலே தொங்கவிடுகிறோம். அவர்களைப் பாராட்டுவது நியாயமே. அன்றைய தினம் ஆசிரியர் கூட்டத்திலே வேறொரு பட்டியலையும் நாம் எடுத்துப் பார்த்தல் வேண்டும். பரீட்சைக்குத் தோற்றாமலே நின்றுவிட்டோர் எத்தனை பேர், எந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள், எந்த ஆண்டிலே நின்றார்கள், அவர்களுக்குக் கற்பிக்க எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாதிருந்தார் என்ற விவரம் நமது வரவுப் பதிவேட்டிலேயே இருக்கிறது. அதைத் தொகுத்து அதிகாரிகளின் முன்னும் ஊரவரின் முன்னும் வைக்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆலையிலே கணிதம் கற்ற கிறீனுக்கு நாற்பது வயதிலாவது ஒரு வாயில் கிட்டியது. நம் வகுப்பறையை விட்டுப் போனவர்களை நாற்பது வயது வரை காத்திருக்கச் செய்யாதிருப்பது நமது கடமை.